பள்ளி திறப்புச் செலவு: எங்கள் தெருவில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

சென்னை தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் ஒன்பது வீடுகள் சேர்ந்து வருடாவருடம் நோட்டு, பேனா, பென்சில் எல்லாம் மொத்தமாக வாங்குகிறோம். பட்டியல் எழுதுவதும் கணக்கு வைப்பதும் என் பொறுப்பு. அதனால் மே மாதம் பிறந்தால் போதும், மாடிப்படியில், தண்ணீர் லாரி வரிசையில், ரேஷன் கடையில் என்று எங்கே பார்த்தாலும் இதே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே எழுதிவைத்திருக்கிறேன்.

அக்கா, ஸ்கூல் திறக்க இன்னும் மூணு வாரம் இருக்கு. எப்போ போனா விலை கம்மியா இருக்கும்?

பள்ளி திறப்பதற்கு முந்தைய பத்து நாளில் மட்டும் போகாதீர்கள். அந்த நாட்களில் கடையில் நிற்கவே இடம் இருக்காது. பேரம் பேச நேரம் கிடைக்காது, பிடித்த அளவு தீர்ந்துபோயிருக்கும், இருப்பதை எடுத்துக்கொண்டு வர வேண்டியதுதான். நம் பணம் அதிகமாகப் போவது அங்கேதான். எல்லாவற்றையும் ஒரே நாளில், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு, முதல் நாள் எதுவும் குறைந்துவிடக்கூடாது என்ற பதற்றத்தோடு வாங்குகிறோம்.

முதல் நாளுக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு ஜோடி சீருடை, காலுக்குச் சரியான ஷூ, கிழியாத ஒரு பை, இரண்டு நோட்டு, எழுத ஏதாவது ஒன்று, டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில். இவ்வளவுதான். எந்தப் பாடத்துக்கு எத்தனை பக்க நோட்டு, கோடு போட்டதா போடாததா, கணக்குக்குக் கட்டம் போட்டது வேண்டுமா என்பதை வகுப்பாசிரியர் முதல் வாரத்தில் சொல்வார். அதற்கு முன்னால் யூகத்தில் வாங்கிய நோட்டுகள்தான் அடுத்த வருடமும் பீரோ மேல் கிடக்கின்றன.

இரண்டாவது ஜோடி சீருடை, ஷூ, பை எல்லாம் ஜூலை நடுவில் ஆடித் தள்ளுபடி தொடங்கும்போது நிதானமாகப் பார்க்கலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: தனியார் பள்ளியின் தனி நிறச் சீருடைத் துணி சீசன் முடிந்ததும் கடையில் கிடைக்காமல் போகலாம். அதை மட்டும் முன்னாலேயே வாங்கிவிடுங்கள்.

வீட்ல பாதி எழுதின நோட்டு ஒரு மூட்டை இருக்கு. எடைக்குப் போட்டுடலாமா?

போடாதீர்கள். போன மே மாதம் என் இரண்டு பிள்ளைகளின் பழைய நோட்டுகளைத் தரையில் பரப்பி, எழுதாத தாள்களை மட்டும் எண்ணினேன். 340 தாள்கள் இருந்தன. 680 பக்கம். 160 பக்க நோட்டு நான்குக்கு மேல் வருகிற கணக்கு.

பின் அடித்த நோட்டு என்றால் நடுப்பக்கத்தைத் திறந்து, பின்னின் இரண்டு காலையும் ஒரு பழைய ஸ்பூன் காம்பால் நிமிர்த்துங்கள். தாள்கள் இரண்டிரண்டாகக் கிழியாமல் வந்துவிடும். நூல் போட்டுத் தைத்த நோட்டில் அப்படி இழுக்கக்கூடாது. ஒரு தாளை இழுத்தால் அதன் ஜோடித் தாளும் கழன்றுவிடும். அதில் எழுதிய பகுதியை ஸ்டேப்ளர் போட்டு மூடிவிட்டு, மீதியை அப்படியே ரஃப் நோட்டாக வைத்துக்கொள்ளலாம். கழற்றிய தாள்களை ஒரே அளவாக அடுக்கி பைண்டிங் கடையில் கொடுத்தால் அட்டை போட்டுத் தைத்துத் தருவார்கள். வீட்டுக் கணக்கு, மனப்பாட எழுத்துப் பயிற்சி, டியூஷன் எல்லாவற்றுக்கும் இதுவே வருடம் முழுக்கப் போதும்.

பென்சில் டப்பாவையும் அப்படியே கொட்டிப் பாருங்கள். ஜாமெட்ரி பாக்ஸில் காம்பஸ் மட்டும் தொலைந்திருந்தால் காம்பஸ் மட்டும் வாங்கலாம், பாக்ஸே புதிதாக வேண்டியதில்லை.

பாரிஸ் கார்னர் போனா நிஜமாவே மிச்சமாகுமா? போக வர செலவுலயே போயிடும்னு எங்க வீட்டுக்காரர் சொல்றார்.

ஒரு பிள்ளைக்கு எட்டு நோட்டு வாங்கப் போனால் உங்கள் வீட்டுக்காரர் சொல்வது சரி. அங்கே இருக்கிற பந்தர் தெரு, ஆண்டர்சன் தெருக் கடைகள் மொத்த வியாபாரத்துக்கானவை. அங்கே டஜன் கணக்கில், கட்டுக் கணக்கில் கேட்டால்தான் விலை இறங்கும். நாங்கள் ஒன்பது வீடு சேர்ந்து போவது அதனால்தான். எல்லோருடைய பட்டியலையும் ஒரே தாளில் எழுதி, ஒரே வகை நோட்டைக் கூட்டிப் பார்த்தால் ஆறேழு டஜன் வந்துவிடும். அப்போது கடைக்காரர் பேசுகிற பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், மொத்தக் கடைகளில் பெரும்பாலானவை பூட்டியிருக்கும். வேலை நாளில் கடை திறந்த கொஞ்ச நேரத்தில் போவது நல்லது. பெண்கள் போனால் சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்தில் டிக்கெட்டுக்குக் காசு கிடையாது. மெட்ரோ என்றால் மண்ணடியில் இறங்கி நடக்கலாம். திரும்பும்போது நோட்டுக்கட்டு கனக்கும். ஆட்டோக் கூலியை எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். பணத்தை முன்னாலேயே வசூலித்துவிடுவதும் முக்கியம். கடனுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டுப் பிறகு கேட்டால் மனவருத்தம்தான் மிஞ்சும், எங்களுக்குள்ளேயே முதல் வருடம் அப்படி ஒன்று நடந்தது.

ஒரே விலைக்கு ரெண்டு கம்பெனி நோட்டு இருக்கு. எதை எடுக்கிறது?

பின்னட்டையைத் திருப்புங்கள். எத்தனை பக்கம், என்ன அளவு, என்ன விலை என்று மூன்றும் அச்சிட்டிருக்கும். விலையைப் பக்கத்தால் வகுத்துப் பாருங்கள். 40 ரூபாய்க்கு 160 பக்கம் என்றால் பக்கத்துக்கு 25 காசு. 45 ரூபாய்க்கு 192 பக்கம் என்றால் 23 காசுதான். விலை அதிகமாகத் தெரிகிற நோட்டு சில நேரம் மலிவாக இருக்கும். அட்டையின் உள்பக்கத்தையும் பொருளடக்கத் தாளையும் சேர்த்துப் பக்கம் எண்ணுகிற கம்பெனிகளும் உண்டு, அதையும் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள்.

அடுத்து தாள். ஒரு தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடியுங்கள். பின்பக்கக் கோடு அப்பட்டமாகத் தெரிந்தால் ஜெல் பேனாவோ மை பேனாவோ எழுதும்போது மறுபக்கம் ஊறிவிடும், பிள்ளை ஒரு பக்கம்தான் எழுத முடியும். பாதி நோட்டு வீண். பென்சிலில் எழுதுகிற சின்னப் பிள்ளைக்கு அது பரவாயில்லை. ஆனால் அழிப்பான் வைத்துத் தேய்த்தால் கிழிகிற தாளாக இருக்கக்கூடாது. ஒரு நோட்டு மட்டும் வாங்கி வீட்டில் எழுதிப் பார்த்துவிட்டு டஜன் சொல்லுங்கள்.

நோட்டுக்கு ஜிஎஸ்டி இல்லைன்னு சொன்னாங்க, ஆனா கடைக்காரர் பில்லுல சேர்த்துப் போடுறாரே?

2025 செப்டம்பர் 22 முதல் நோட்டு, பென்சில், அழிப்பான், ஷார்ப்னர், கிரையான் இவற்றுக்கு ஜிஎஸ்டி இல்லை. ஜாமெட்ரி பாக்ஸுக்கு 12 சதவீதம் இருந்தது 5 ஆனது. பைக்கு வரி உண்டு. எம்.ஆர்.பி. என்பது எல்லா வரியும் சேர்ந்த விலை. அதற்கு மேல் வரி என்று யாரும் ஒரு ரூபாய்கூடக் கேட்க முடியாது. முதலில் பில்லைக் காட்டிப் பொறுமையாகக் கேளுங்கள், பெரும்பாலும் திருத்திக் கொடுத்துவிடுவார்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் சொல்லலாம்.

என் பையனை இந்த வருஷம் கவர்மென்ட் ஸ்கூல்ல சேர்த்திருக்கேன். நான் என்னென்ன வாங்கணும் அக்கா?

மிகக் குறைவாகத்தான். பாடப்புத்தகமும் நோட்டும் பள்ளியிலேயே இலவசமாகக் கொடுக்கிறார்கள். வகுப்பைப் பொறுத்துப் பை, காலணி, ஜாமெட்ரி பாக்ஸ், வண்ணப் பென்சில், அட்லஸ் எல்லாம் உண்டு. எட்டாம் வகுப்பு வரை சத்துணவுத் திட்டத்தில் பெயர் உள்ள பிள்ளைகளுக்கு நான்கு ஜோடி சீருடை. பதினொன்றாம் வகுப்பில் சைக்கிள். இத்தனையும் வரப்போகிறது என்று தெரியாமல் ஜூன் முதல் தேதியே கடையில் எல்லாவற்றையும் வாங்கிவிட்ட தாய்மார்களை நிறையப் பார்த்துவிட்டேன். அந்தக் காசை நினைத்தால் எனக்கு வயிறு எரியும்.

பொருட்கள் எல்லாம் முதல் நாளே கைக்கு வந்துவிடாது, சீருடை சில வாரம் தள்ளிப்போகலாம். அதுவரைக்கும் ஒரே ஒரு ஜோடி வைத்துக்கொண்டால் போதும். சேர்க்கும்போதே வகுப்பாசிரியரிடம் என்னென்ன வரும், எப்போது வரும் என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம், அது பிள்ளையின் உரிமை.

அரசு உதவி பெறும் பள்ளி என்றால் இன்னொரு கேள்வி சேர்த்துக் கேளுங்கள். பிள்ளை இருப்பது உதவி பெறும் பிரிவிலா, அதே வளாகத்தில் நடக்கிற சுயநிதிப் பிரிவிலா என்று. சுயநிதிப் பிரிவுக்கு இந்த இலவசங்கள் இல்லை.

பழைய புத்தகம் வாங்கினா தப்பா? சிலபஸ் மாறிடுச்சுன்னா?

தப்பே இல்லை, அட்டையைத் திறந்து எந்த வருடப் பதிப்பு என்று பார்த்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். சமச்சீர்ப் பாடப்புத்தகங்கள் 2018, 2019 இரண்டு ஆண்டுகளில் முழுக்க மாறின. அதற்கு முந்தையது என்றால் தொடவே வேண்டாம். பின்னால் வந்ததிலும் சின்னச் சின்ன மாற்றம் இருக்கும். போன வருடம் அதே பள்ளியில் படித்த பிள்ளையிடம் வாங்குவதுதான் பாதுகாப்பு.

சிபிஎஸ்இ பிள்ளைகளுக்கு இங்கேதான் கவனம் அதிகம் தேவை. என்சிஇஆர்டி புத்தகங்கள் 2023-இல் ஒன்று, இரண்டாம் வகுப்புக்கும், 2024-இல் மூன்று, ஆறாம் வகுப்புக்கும், 2025-இல் நான்கு, ஐந்து, ஏழு, எட்டாம் வகுப்புக்கும் புதிதாக வந்துவிட்டன. பக்கத்து வீட்டு அண்ணன் 2023-இல் படித்த ஆறாம் வகுப்பு அறிவியல் புத்தகம் உங்கள் மகளுக்கு உதவாது. ஒன்பதிலிருந்து மேலே பழையதை வாங்குவதற்கு முன் இந்த ஆண்டு மாறுகிறதா என்று பள்ளியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சென்ட்ரல் பக்கம் அல்லிக்குளம் வளாகத்தில் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. பழைய மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்த பிறகு அங்கே வந்தவர்கள். பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக் கைடுகளும், நுழைவுத் தேர்வுப் புத்தகங்களும் அங்கே நல்ல நிலையில் கிடைக்கும். என்சிஇஆர்டி, சமச்சீர் இரண்டுமே இணையத்தில் இலவச பிடிஎஃப் ஆகவும் இருக்கின்றன. முழுப் புத்தகத்தை அச்செடுக்காதீர்கள், அது புதுப் புத்தகத்தைவிடச் செலவு. புத்தகம் வரும்வரை முதல் இரண்டு பாடத்தைப் போனில் படிக்க அது போதும். சமச்சீர்ப் புத்தகத்தைப் புதிதாகவே வாங்கத் தனியார் பள்ளிப் பெற்றோருக்குக் கல்லூரிச் சாலை டிபிஐ வளாகத்தில் பாடநூல் கழகத்தின் விற்பனை உண்டு.

ஸ்கூல்லயே எல்லாத்தையும் செட்டா வாங்கணும்னு கட்டாயப்படுத்துறாங்க. வெளிய வாங்கினா பிள்ளையை ஏதாவது சொல்லுவாங்களோன்னு பயமா இருக்கு.

இந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன், நானும் அனுபவித்ததுதான். என் மகள் நான்காம் வகுப்பில் இருந்தபோது பள்ளியில் கொடுத்த 'செட்'டில் இரண்டு டிராயிங் நோட்டும் ஒரு கிராஃப்ட் பெட்டியும் இருந்தன. வருடக் கடைசியில் அப்படியே பிரிக்காமல் திரும்பி வந்தன.

குறிப்பிட்ட கடையில்தான் வாங்க வேண்டும் என்று பெற்றோரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று சிபிஎஸ்இ 2017-லேயே தன் பள்ளிகளுக்குச் சொல்லியிருக்கிறது. ஆனால் தனியாகப் போய்ச் சட்டம் பேசினால் பயம் தீராது. நான்கைந்து பெற்றோர் சேர்ந்து, "செட்டில் உள்ள பட்டியலைத் தனித்தனி விலையோடு எழுத்தில் கொடுங்கள்" என்று மட்டும் பணிவாகக் கேளுங்கள். பள்ளிப் பெயர் அச்சிட்ட டைரி, அடையாள அட்டை, டை, பெல்ட் இவற்றை அங்கேயே வாங்கித்தான் ஆக வேண்டியிருக்கும். சாதாரண நோட்டும் கலர் பென்சிலும் வெளியே வாங்கிக்கொள்கிறோம் என்று அந்தப் பட்டியலைக் காட்டியே பேசலாம். எங்களுக்கு அது நடந்தது. அதற்கும் மசியாவிட்டால் தமிழ்நாடு பள்ளிக் கல்வித்துறையின் உதவி எண் 14417 இருக்கிறது.

யூனிஃபார்ம் ரெடிமேடா எடுக்கிறதா, துணி எடுத்துத் தைக்கிறதா? வளர்ற பிள்ளை வேற.

வளர்கிற பிள்ளை என்பதால்தான் தைக்கச் சொல்கிறேன். ரெடிமேடில் உள்ளே விட்டிருக்கும் துணி ஒரு விரல் அகலம்கூட இருக்காது. எம்.சி. ரோட்டில் துணி எடுத்துத் தையல்காரரிடம் கொடுக்கும்போது மூன்று விஷயம் சொல்லுங்கள்: கால்சட்டை அடியில் மூன்று அங்குலம் மடித்துத் தைக்க வேண்டும், இடுப்பில் பின்பக்கத் தையலில் துணி விட்டு வைக்க வேண்டும், பினோஃபார், பாவாடை என்றால் கீழே உள்பக்கமாக இரண்டு டக் (மடிப்புத் தையல்) பிடிக்க வேண்டும். டிசம்பரில் ஒரு டக், அடுத்த ஜூனில் இன்னொரு டக் பிரித்தால் ஒரே பினோஃபார் இரண்டு வருடம் வரும்.

பிரித்த இடத்தில் பழைய மடிப்பு வெளுத்த கோடாகத் தெரியும். பிள்ளைகளுக்கு அது பெரிய அவமானமாக இருக்கும், நமக்குத்தான் தெரிவதில்லை. அந்தக் கோட்டின் மேலேயே அதே நிற நூலில் ஒரு தையல் ஓட்டிவிட்டால், அது தைத்த விதமே அப்படி என்று தோன்றும். தையல்காரர் இரண்டு நிமிடத்தில் செய்து தருவார். முழுப் பருத்தித் துணி என்றால் தைக்கக் கொடுக்கும் முன் ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து உலர்த்திக் கொடுங்கள், இல்லாவிட்டால் முதல் துவைப்பிலேயே குட்டையாகும். டெரிகாட்டன் அப்படிச் சுருங்காது.

மே கடைசியில் தையல் கடையில் மலை மாதிரித் துணி குவிந்திருக்கும். துணியை மே முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள், அளவு மட்டும் நன்றாக விட்டுத் தைக்கச் சொல்லி.

அப்போ ஷூவும் ஒரு சைஸ் பெரிசா வாங்கிடலாம் இல்ல?

வேண்டாம். துணியைப் பெரிதாக்கித் தைக்கலாம், ஷூவை அப்படி வாங்கக்கூடாது. பெரிய ஷூவுக்குள் கால் நழுவும், குதிகாலில் கொப்புளம் வரும், பிள்ளை ஷூவை மிதித்து மிதித்துப் பின்பக்கத்தை உடைத்துவிடும். நிற்க வைத்து, பெருவிரலுக்கு முன்னால் நம் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். அது போதும். கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், பள்ளிக்குப் போடுகிற அதே சாக்ஸைப் போட்டு அளவு பாருங்கள். ஷூவை இப்போது ஒரு ஜோடி மட்டும் வாங்குங்கள், வெள்ளை கேன்வாஸை ஆடிக்குத் தள்ளிவையுங்கள்.

போன வருஷ பேக்ல ஜிப் மட்டும் போயிடுச்சு. புதுசுதான் வாங்கணுமா?

பெரும்பாலும் ஜிப் போவதில்லை, ரன்னர்தான் தேய்ந்திருக்கும். செருப்பு தைப்பவரிடம் கொடுத்தால் ரன்னரை மட்டும் மாற்றித் தருவார், ஒரு டீ வடைச் செலவுதான். தோள்பட்டி பிரிந்திருந்தாலும் அவரே தடித்த நூலில் தைத்துவிடுவார். அடித்துணி நைந்து போயிருந்தால் மட்டும் புதிது வாங்குங்கள்.

புதிதாக வாங்கினால் படத்தைப் பார்க்காமல் பட்டியின் இரண்டு முனையையும் பாருங்கள். அங்கே பெருக்கல் குறி மாதிரிக் குறுக்குத் தையல் இருக்க வேண்டும். பெரிய பை வாங்கினால் பெரிய சுமை சேரும். பையும் புத்தகமும் சேர்ந்து பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது 2020-இல் மத்திய அரசு வெளியிட்ட பள்ளிப் பைக் கொள்கை. 25 கிலோ பிள்ளைக்கு இரண்டரைக் கிலோ.

ஏம்மா, பேத்தி அந்தப் பொம்மை போட்ட டப்பாதான் வேணும்னு அழுவுது. இல்லேன்னு சொல்ல மனசு வரல.

இல்லை என்று சொல்ல வேண்டாம் பாட்டி. கடைக்குப் போகும் முன்பே, "உனக்குப் பிடித்த மாதிரி ஒரே ஒரு பொருள் எடுத்துக்கோ" என்று சொல்லிவிடுங்கள். எது என்று அவளே முடிவு செய்யட்டும். என் மகன் ஒரு மணி நேரம் யோசித்து ஒரு ஷார்ப்னர் எடுத்தான், அதை மூன்று வருடம் தொலைக்காமல் வைத்திருந்தான். மற்ற சாமான்கள் வாங்க அவளைக் கூட்டிப்போகாமல் இருப்பது நல்லது.

இந்த மாசம் கையில காசே இல்ல. தெரிஞ்சவர் மூணு வட்டிக்குத் தர்றேங்கிறார். வாங்கிடவா?

தயவுசெய்து வேண்டாம். மூன்று வட்டி என்பது மாதத்துக்கு. 8,000 ரூபாய் வாங்கினால் மாதம் 240, பத்து மாதத்தில் 2,400. அசல் அப்படியே நிற்கும். முதல் கேள்விக்கான பதிலில் சொன்ன முதல் நாள் சாமான்களை மட்டும் எழுதிக் கூட்டிப் பாருங்கள், 8,000 தேவைப்படவே படாது. மிச்சத்தை ஜூலை, ஆகஸ்ட் சம்பளத்தில் பிரித்துக்கொள்ளலாம். கடன் வாங்கியே தீர வேண்டும் என்றால் மகளிர் குழுவிலோ வங்கி நகைக்கடனிலோ கேளுங்கள். அங்கே வட்டி வருடக் கணக்கில் பேசுவார்கள். வீட்டில் யாராவது கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்திருந்தால் பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை இருக்கிறது, அட்டையைப் புதுப்பித்து வைத்திருக்க வேண்டும்.

அடுத்த வருடத்துக்கு ஜூலையிலேயே வங்கியில் பத்து மாத ஆர்.டி. (மாதாமாதம் கட்டுகிற சேமிப்பு) ஒன்று போடுங்கள். மாதம் 500 கட்டினால் மே தொடக்கத்தில் 5,000 ரூபாயும் கொஞ்சம் வட்டியும் கையில் இருக்கும். அஞ்சலக ஆர்.டி. ஐந்து வருடத்துக்கானது, இதற்குச் சரிவராது.

பக்கத்து வீட்டுப் பொண்ணோட பழைய யூனிஃபார்ம் தர்றேங்கிறாங்க. வாங்கிப் போட்டா என் பொண்ணு மனசு கஷ்டப்படுமா?

கொடுக்கிற விதத்தில்தான் இருக்கிறது. எங்கள் தெருவில் இதற்கு ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ஏப்ரலில் எல்லா வீட்டிலும் சின்னதாகிப்போன சீருடை, ஷூ, புத்தகம் என் வீட்டுக்கு வந்துவிடும். யாருடையது என்று யாரும் கேட்பதில்லை, சொல்வதும் இல்லை. சட்டையில் பெயர் தைத்திருந்தால் பிரித்துவிடுகிறோம். துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, நிறம் மங்கிய பட்டனை எல்லாம் மாற்றிவிடுகிறோம். புதுப் பட்டன் வைத்தால் பழைய சட்டைக்கு எப்படி ஒரு களை வந்துவிடுகிறது என்று ஒரு தடவை செய்து பாருங்கள். காலர் நைந்ததையும் அக்குளில் கறை பிடித்ததையும் யாருக்கும் தருவதில்லை, அது வீட்டில் துடைக்கிற துணி.

பிறகு அளவுவாரியாக அடுக்கி வைப்போம், வேண்டியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம். வசதியான வீட்டுக்காரரும் எடுப்பார், என் பிள்ளைகளுக்கும் எடுத்திருக்கிறேன். எல்லோரும் எடுப்பதால் ஒருத்தருக்கும் கூச்சம் இல்லை. உங்கள் மகளுக்கு ஒன்று புதிதாகவும் ஒன்று இதிலிருந்தும் இருக்கட்டும், முதல் நாள் புதியதைப் போடட்டும். அடுத்த ஏப்ரலில் நீங்களும் ஒரு பை கொண்டுவாருங்கள்.